ஐந்து அற்புதக் கதைகளை ஒரே பக்திப் படமாகக் கோர்ப்பது எப்படி?

கேள்வி – வேலவன்_கதை

வணக்கம். கோயில் வாசலில் பூக்கட்டும் அம்மா, அரசு மருத்துவமனை ஆயா, கைத்தறி நெசவாளர், வீட்டை விட்டு ஓடிவந்த சிறுவன், இரவுப் பேருந்து நடத்துனர். இந்த ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு நெருக்கடி, ஐந்து இடத்திலும் தெய்வம் கைகொடுக்கிறது. இதை 2 மணி 15 நிமிடப் படமாக எழுதியிருக்கிறேன். கதைகள் இந்தக் காலத்தில், தமிழ்நாட்டு ஊர்களில் நடப்பவை. பட்ஜெட் சிறியது.

படித்துப் பார்த்தவர்கள் இரண்டு குறை சொல்கிறார்கள். ஐந்து குறும்படத்தை ஒட்டவைத்தது போல இருக்கிறதாம். மூன்றாவது கதைக்கு வரும்போதே அற்புதம் சலித்துவிடுகிறதாம். இந்த இரண்டையும் எப்படிச் சரிசெய்வது? அதோடு கோயிலில் எடுக்க அனுமதி, கருவறைக் காட்சிகள், பாட்டுரிமை, தணிக்கை பற்றியும் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1 – கூடல்வாசி

கோர்ப்பதற்கு நம்மிடம் இரண்டு நல்ல முன்மாதிரி உண்டு. 1965-ல் வந்த ‘திருவிளையாடல்’ படத்தில், பழம் கிடைக்காமல் கோபித்துக்கொண்டு மலையேறிய முருகனுக்கு அம்மை சொல்லும் கதைகளாகத்தான் நான்கு கதைகளும் வருகின்றன. கேட்பவனுக்கே மனதில் ஒரு பிணக்கு இருக்கிறது, அது தீருமா என்ற எதிர்பார்ப்பு அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. 1972-ல் வந்த தேவர் பிலிம்ஸ் ‘தெய்வம்’ வேறு வழியில் போனது. கிருபானந்த வாரியார் வாரியாராகவே வந்து முருகன் அருளைச் சொல்கிறார். மதுரை சோமு, பித்துக்குளி முருகதாஸ், பெங்களூர் ரமணியம்மாள் எல்லாம் திரையிலேயே தோன்றிப் பாடுகிறார்கள். அந்தப் படத்தைக் கட்டி வைத்திருப்பது அந்தக் குரல்கள்தான்.

வாரியார் போல ஊரே தலைவணங்கும் ஒருவர் கிடைக்காவிட்டால் இரண்டாவது வழியைத் தொடாதீர்கள். வெறும் பின்னணிக் குரல் அந்தச் சுமையைத் தாங்காது. உங்களுக்கு முதல் வழிதான் சரி, அதற்கான ஆள் கதைக்குள்ளேயே இருக்கிறார். நடத்துனரைச் சட்டமாக, அதாவது மற்ற கதைகளைத் தாங்கிக் கோர்க்கும் வெளிக்கதையாக வையுங்கள். மற்ற நால்வரும் வெவ்வேறு இரவுகளில் அவர் பேருந்தில் ஏறி இறங்கியவர்கள். அவருக்குத் தன் நெருக்கடி முதல் காட்சியிலிருந்தே இருக்கட்டும், அது ஐந்தாவது கதையாகக் கடைசியில் விரியட்டும்.

நிமிடக் கணக்கு: மொத்தம் 135. சட்டக் கதைக்கு 12 போதும். தொடக்கத்துக்கு 4, நான்கு இணைப்புகளுக்குத் தலா 2. மீதி 123-ஐ ஐந்தால் சமமாக வகுத்துவிடாதீர்கள், சலிப்பின் பாதிக் காரணம் அதுதான். 24, 28, 26, 14, 31 என்று வைத்துப் பாருங்கள். நான்காவது கதை திடீரென்று குட்டையாக வந்து முடிந்தால்தான் பார்ப்பவர் ‘இனி என்ன வருமோ’ என்று நிமிர்வார். இடைவேளையை இரண்டு கதைகளுக்கு நடுவே விடவேண்டாம், ஜனம் ஒரு கதை முடிந்த திருப்தியோடு எழுந்து போய்விடும். மூன்றாவது கதையில் நெசவாளர் கை ஒடிந்து உட்காரும் இடத்தில், சுமார் 68-வது நிமிடத்தில் விடுங்கள்.

இனி அற்புதம். ஐந்திலும் ஒரே மாதிரி, அதாவது அழுகை, மணியோசை, ஒளி, முன்பின் தெரியாத ஒருவர் வந்து உதவி, பிறகு மறைவு என்று இருந்தால் மூன்றாவதில் சலிக்காமல் என்ன செய்யும்? நம் தலபுராணங்கள் இதை எத்தனை விதமாகச் செய்திருக்கின்றன பாருங்கள். மதுரையில் வந்திக் கிழவிக்காகக் கூலியாளாக வந்த சொக்கநாதர் பிட்டைத் தின்றுவிட்டு வேலையைச் செய்யாமல் ஆடிப்பாடித் தூங்குகிறார். அவர் வந்தபோது யாருக்கும் எதுவும் தெரியவில்லை. பிரம்படி எல்லார் முதுகிலும் விழுந்தபோதுதான் தெரிந்தது. திருச்சிராப்பள்ளியில் காவிரி வெள்ளத்தால் தாய் அக்கரையில் மாட்டிக்கொள்ள, தாயைப் போலவே ஒருத்தி வந்து இரத்தினாவதிக்குப் பிரசவம் பார்க்கிறாள். அந்த வீட்டில் அற்புதம் நடந்துகொண்டிருப்பதே ஒருவருக்கும் தெரியாது. வெள்ளம் வடிந்து உண்மையான தாய் வாசலில் வந்து நிற்கிறாளே, அந்தக் கணத்தில்தான் நெஞ்சு அடைக்கிறது. திருக்கடையூர் அபிராமி பட்டருக்கோ தை அமாவாசையில் ஊரறிய வானத்தில் நிலவு.

உங்கள் ஆயா கதைக்கு, சிவனே தாயாக வந்த இந்தத் திருச்சிராப்பள்ளித் தாயுமானவர் வழி அப்படியே பொருந்தும். இரவுப் பணிக்கு வந்து கூடவே நின்ற நர்ஸ் யார் என்ற கேள்வியை அந்த இரவில் எழுப்பவே எழுப்பாதீர்கள். காலையில் உண்மையான நர்ஸ் ‘பஸ் கிடைக்கல, மன்னிச்சுக்கங்க’ என்று வந்து வருகைப் பதிவேட்டைத் திறக்கட்டும். பின்னணி இசையும் வேண்டாம், ஒளியும் வேண்டாம்.

ஐந்தில் ஒரு கதையிலாவது கேட்ட வரம் கேட்டபடி கிடைக்கக்கூடாது. எல்லார் வேண்டுதலும் நிறைவேறினால் அரங்கில் உட்கார்ந்திருக்கும், வேண்டி வேண்டிக் கிடைக்காத பாதிப் பேர் படத்துக்கு வெளியே போய்விடுவார்கள். அந்த 14 நிமிடச் சிறுவன் கதை இதற்கு ஏற்றது. அப்பா திரும்பி வரமாட்டார், ஆனால் பையன் தனியாக இல்லை.

இன்னும் ஒன்று. தெய்வம் வருமுன் அந்த மனிதர் தன்னால் முடிந்த அத்தனையும் செய்து பார்த்திருக்கவேண்டும். கதையில் முக்கால் தூரம் அதற்கே போகட்டும். நம்பாத பாத்திரம் வைத்தால் அவரைக் கெட்டவராகவோ முட்டாளாகவோ ஆக்கவேண்டாம். தமிழ்நாட்டில் கடவுள் இல்லை என்று சொல்லியே பிறருக்கு உழைத்தவர்கள் ஏராளம், பார்ப்பவர்களுக்கு அவர்களைத் தெரியும்.

பதில் 2 – நடைதிறப்பு

கூடல்வாசி எழுதியதோடு முழுக்க உடன்படுகிறேன். கோயில் பகுதியை மட்டும் சொல்கிறேன்.

முதலில் எந்தக் கோயில் யார் கையில் என்று பாருங்கள். பெரும்பாலானவை அறநிலையத்துறை வசம். கோயில் செயல் அலுவலரிடம் மனு கொடுத்தாலும் முடிவு மேலே ஆணையர் அலுவலகத்தில்தான். தஞ்சைப் பெரிய கோயில், கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம் போன்றவற்றுக்கு மத்தியத் தொல்லியல் துறை அனுமதி தனியாக வேண்டும். குடும்பக் கோயில், சமுதாயக் கோயில் என்றால் அறங்காவலர்களோடு ஊர்ப் பெரியவர்களும் சம்மதிக்கவேண்டும். சின்னப் பட்ஜெட்டுக்கு இந்த மூன்றாவது வகைதான் தோது. மனுவோடு முழுத் திரைக்கதையையும் கொடுக்காமல், அந்தக் கோயிலில் எடுக்கப்போகும் காட்சிகளின் வசனம், ஆட்கள் எண்ணிக்கை, கருவிகள், நாள், நேரம் எல்லாம் இரண்டு பக்கத்தில் வைத்துக் கொடுங்கள். தைப்பூசம், பங்குனி உத்திரம், ஆடி வெள்ளி வாரங்களில் அனுமதி கேட்கவே வேண்டாம்.

கருவறையும் அர்த்த மண்டபமும் கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு எழுதுங்கள். 2022 டிசம்பரில் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை கோயில்களுக்குள் கைப்பேசிக்கே தடை விதிக்கச் சொல்லிவிட்டது. ‘கைப்பேசியில் ஒளித்து எடுத்துவிடலாம்’ என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள்.

உங்களுக்குக் கிடைக்கும் நேரம் பெரும்பாலும் உச்சிக்காலம் முடிந்து நடை சாத்திய பிறகு, மாலை 4 மணி வரை. கல் தரை கொதிக்கும், யாரும் செருப்புப் போட முடியாது. கயிற்றுப் பாய் நிறையக் கொண்டுபோங்கள், பாயை அடிக்கடி நனைத்துப் போடவேண்டும். ஸ்டாண்டுக் கால்களுக்கு ரப்பர் உறை இல்லாமல் கல்தளத்தில் வைக்காதீர்கள்.

பிரகாரத்தில் பிரேம் வைத்துப் பார்த்தால்தான் தெரியும்: எவர்சில்வர் வரிசைக் கம்பி, சூடு தெரியாமலிருக்கத் தரையில் அடித்த வெள்ளைப் பட்டை, கண்காணிப்புக் கேமரா, ஒவ்வொரு குழல் விளக்கிலும் ‘உபயம்’ என்று குடும்பத்தின் பெயர். கதை இந்தக் காலம் என்பதால் இவற்றை மறைக்காமல் விடுங்கள், உண்மை கூடும். உபயதாரர் பெயர்களை மட்டும் வேறு பெயர் எழுதிய தாளால் மூடிவிடுங்கள்.

சடங்குப் பிழைகள்தான் பக்திப் படத்துக்குப் பெரிய சறுக்கல். திருப்பரங்குன்றத்தில் மூலவர் மலையிலேயே குடைந்தவர், அபிஷேகம் வேலுக்குத்தான். அந்தத் தலம் என்று சொல்லிவிட்டு மூலவருக்குப் பால் ஊற்றினால் மதுரைக்காரர்கள் அங்கேயே படத்தை விட்டுவிடுவார்கள். சுவாமிமலையில் சன்னதி எதிரே மயிலுக்குப் பதில் யானை. சிவன் கோயிலில் தாழம்பூ மாலை, சதுர்த்தி அல்லாத நாளில் பிள்ளையாருக்குத் துளசி, பெருமாள் சன்னதியில் தட்டில் விபூதி, வாயால் ஊதி விளக்கணைப்பது, கொடிமரம் தாண்டி உள்ளே போய் சன்னதிக்குச் சன்னதி விழுந்து கும்பிடுவது, இதெல்லாம் அடிக்கடி நடக்கும் தவறுகள். பூசை செய்பவரும் ஊருக்கு ஊர் வேறு. கிராமத்து அம்மன் கோயிலில் பூசாரி, சிவன் கோயிலில் குருக்கள், பெருமாள் கோயிலில் பட்டர். உடை, நெற்றி, பேச்சு மூன்றும் மாறும். எந்தக் கோயில் என்று முடிவானதும் அங்கே பூசை செய்பவரிடமே காட்சியை வாசித்துக் காட்டுங்கள். கற்பனைக் கோயில் என்றால் ஊர்ப் பெயரையே சொல்லாமல் விடுவது நல்லது.

பதில் 3 – ஒளிப்பேழை

கருவறையைச் செட் போடுங்கள். ஃபைபர் சிலைக்கு மங்கலான கறுப்பு அடித்து, மேலே நல்லெண்ணெய் மெல்லத் துடைத்தால் கற்சிலையின் மினுமினுப்பு வரும். முன்னாலிருந்து விளக்குப் போட்டால் சிலை தட்டையாகிவிடும். இரண்டு பக்கமும் கீழேயிருந்து சிறிய டங்ஸ்டன் பல்பை டிம்மரில் வைத்து, அதைக் குத்துவிளக்கின் பின்னால் ஒளித்துவிடுங்கள். சுடரை வைத்து எக்ஸ்போஷர் பார்த்தால் முகம் கறுக்கும், முகத்தை வைத்துப் பார்த்தால் சுடர் வெளுத்துப் போகும். திரியை ஒல்லியாக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

பால் அபிஷேகக் காட்சி நான்கு டேக் போனால் செட்டே நாறும். கறுப்புச் சிலையில் காய்ந்த பால் வெள்ளைக் கோடாக நிற்கும், அடுத்த ஷாட்டோடு ஒட்டாது. டேக்குக்கு டேக் வெந்நீரில் துடைத்து மறுபடி எண்ணெய் பூசத் தனியாக ஓர் ஆளைப் போடுங்கள். சந்தனக் காப்பு விளக்குச் சூட்டில் காய்ந்து வெடிக்கும். பன்னீர் தெளிப்பான் கையில் இருக்கட்டும், நெருக்கமான ஷாட்டுகளை முதலில் எடுத்துவிடுங்கள். சாம்பிராணிப் புகை ஷாட்டுக்கு ஷாட் மாறும். மெல்லிய புகைக்கு மெஷின் வைத்துக்கொண்டு, தூபக்காலிலிருந்து எழும் புகை பிரேமில் தெரியும்போது மட்டும் நிஜச் சாம்பிராணி போடுங்கள்.

கோயிலில் நிஜ வெளிச்சத்தில் எடுக்கும்போது குழல் விளக்கும் சீரியல் செட்டும் மினுக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 24 பிரேமில் ஷட்டரை 172.8 டிகிரியில் வைத்தால் ஒவ்வொரு பிரேமிலும் ஒளி விழும் நேரம் நொடியில் 50-ல் ஒரு பங்கு வரும், குழல் விளக்கு மினுக்கு நிற்கும். திருநீறு கொட்டுவது போன்ற ஸ்லோமோஷனுக்கு 48 வேண்டாம், 50 பிரேமில் 180 டிகிரி வையுங்கள். மலிவான சீரியல் எல்இடிகள் இதற்கும் கட்டுப்படாது. முந்தின நாளே ஒவ்வொன்றையும் ஓடவிட்டுப் பார்த்து, மினுக்குவதைக் கழற்றிவிடுங்கள்.

தெய்வம் மறையும் இடம். கரைந்து மறைவது, ஒளிவட்டம், நட்சத்திரப் பொடி எல்லாவற்றையும் விட்டுவிடுங்கள். காசும் மிச்சம், காட்சியும் நிற்கும். பூக்காரம்மாவிடம் வந்த கிழவி தெருவைக் கடக்கிறாள், நடுவே ஒரு லாரி போகிறது, லாரி போனபின் தெரு மட்டும் இருக்கிறது. இதற்கு கேமரா முக்காலியில் அசையாமல் நிற்கவேண்டும். போகஸ், ஐரிஸ், வொயிட் பேலன்ஸ் எல்லாம் பூட்டி வைத்து, ஆள் இல்லாத தெருவை 15 நொடி தனியாக எடுத்து வையுங்கள். மேகம் மூடித் திறக்கும் நாளில் இது தேறாது, வெளிச்சம் மாறிவிடும். அந்தக் கிழவி உட்கார்ந்த இடத்தில் பூக்கூடை பழையபடி நிறைந்திருக்கவேண்டியதில்லை. அவள் முழம் போட்ட சரத்தில் முடிச்சு மட்டும் வேறு மாதிரி இருக்கட்டும். பூக்கட்டும் கைக்கு அது ஒன்றே போதும், உடனே தெரிந்துவிடும்.

செட்டில் நிற்கும் யாரும் சிலை முன் செருப்போடு நடக்கக்கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மரியாதை ஒரு பக்கம். சுற்றி நிற்பவர்கள் அடங்கி நடந்தால் நடிகர்களின் குரலும் தானாகத் தாழும்.

வேலவன்_கதை

மூவருக்கும் மிக்க நன்றி. நடத்துனரைச் சட்டமாக வைத்து மாற்றி எழுதத் தொடங்கிவிட்டேன். இரண்டு கேள்வி பாக்கி. பழைய முருகன் பாடல் ஒன்றை நெசவாளர் தறியில் முணுமுணுப்பது போல வைத்திருக்கிறேன், அதற்கும் உரிமை வாங்கவேண்டுமா? சிறுவன் கதையில் ஒரு நாகமும் மயிலும் வருகின்றன, அதை எப்படிக் கையாள்வது?

பதில் 4 – சீவாளி

முணுமுணுத்தாலும் உரிமை வேண்டும். பாடலாசிரியர், இசையமைப்பாளர் மறைந்து 60 ஆண்டு வரை பாட்டுக்கு உரிமை இருக்கிறது. கண்ணதாசன் மறைந்தது 1981, எனவே 2041 முடிய. பாபநாசம் சிவன் 1973, எனவே 2033 முடிய. ஒலிப்பதிவுக்குத் தனி உரிமை, அது வெளியான ஆண்டுக்குப் பின் 60 ஆண்டு. 1972-ல் வந்த இசைத்தட்டு 2032 வரை காப்பில்தான் இருக்கும்.

அருணகிரிநாதர், அபிராமி பட்டர், தேவாரம், கந்த சஷ்டி கவசம் ஆகியவற்றின் வரிகளுக்கு யாரிடமும் கேட்கவேண்டாம். மாட்டிக்கொள்வது மெட்டில்தான். கவசத்தை நினைத்தாலே நம் காதில் ஓடுவது சூலமங்கலம் சகோதரிகள் பாடிய மெட்டு. வரி பொதுச்சொத்து என்று நினைத்து அந்த மெட்டையே வைத்துவிடுகிறார்கள், படம் வெளியாகும் வாரத்தில் நோட்டீஸ் வருகிறது. நெசவாளருக்கு ஒரு திருப்புகழை எடுத்துக்கொண்டு புது மெட்டுப் போடுங்கள். சந்தம் தறிச் சத்தத்தோடு தானாக ஒட்டும். தறியின் சத்தத்தை முதலில் பதிந்து, அதன் வேகத்துக்குப் பாட்டைக் கட்டுங்கள். பாட்டுக்குத் தறியை ஓட்டச் சொன்னால் நெய்கிற கை பொய்யாகத் தெரியும்.

நாகஸ்வரம் வைப்பதாக இருந்தால் சுருதியை முன்பே தீர்மானியுங்கள். இப்போது வாசிக்கும் நீளமான பாரி நாயனத்தின் சுருதி 2 அல்லது 2½ கட்டை. பாடகி 5 கட்டையில் பாடினால், 2 கட்டை நாயனத்தில் மத்யமத்தை (‘ம’ ஸ்வரத்தை) ஆதாரமாக வைத்து வாசிக்கலாம். செஞ்சுருட்டி, புன்னாகவராளி மாதிரி ராகங்கள் அதற்கு அருமையாக இடம்கொடுக்கும். சங்கராபரணம் விரிவாக வேண்டுமென்றால் அது சரிப்படாது. மைக்கை நாயனத்தின் விரிந்த வாயான அணைசுக்கு நேரே நீட்டாதீர்கள், மூன்று நான்கு மீட்டர் தள்ளி, கொஞ்சம் உயரத்தில் வையுங்கள். தவிலைத் தனியாகப் பதிந்தால் உயிர் போய்விடும், இருவரும் ஒரே அறையில் வாசிக்கட்டும்.

கோயில் மணியை வசனத்தோடு சேர்த்துப் பதியவே வேண்டாம். கார்வை அடுத்த வரி மேல் ஏறி, வெட்டும் இடத்தில் துண்டாகக் கேட்கும். மணியைத் தனியாக முழுக் கார்வையோடு எடுத்து, பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள்.

பதில் 5 – சான்றிதழ்

நாகம், மயில் இரண்டும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. பாம்பாட்டியிடம் வாங்கி வந்து எடுத்தால் வழக்கு. இரண்டையும் கணினி வரைகலையில் செய்யுங்கள், அல்லது மயிலின் அகவலும் மண்ணில் பாம்புத் தடமும் மட்டும் காட்டுங்கள். உங்கள் பட்ஜெட்டுக்குப் பின்னதுதான் என் தேர்வு. குறைந்த செலவில் செய்த நாகம் முழு அற்புதத்தையும் கெடுத்துவிடும். வரைகலை என்றால் வெறும் பிரேம், கம்பி வடிவம், முடிந்த ஷாட் மூன்றையும் வைத்திருங்கள், ஆதாரம் கேட்பார்கள். மாடு, ஆடு, கோழி, கோயில் யானை என்று எந்த நிஜ விலங்கு நடித்தாலும் விலங்குகள் நல வாரிய அனுமதி படப்பிடிப்புக்கு முன்பே வேண்டும். எடுத்த பிறகு வாங்கலாம் என்று விட்டவர்கள் தணிக்கை வாசலில் நிற்பார்கள்.

2024 தணிக்கை விதிகளின்படிச் சான்றிதழில் யு (எல்லாரும் பார்க்கலாம்), யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+, ஏ என்று பிரிவுகள். குடும்பத்தோடு வரும் கூட்டம் என்பதால் யு-வைக் குறிவையுங்கள். அலகு குத்தும் நெருக்கக் காட்சி, ரத்தம், குழந்தை மிரளும்படியான சாமியாட்டம் இவைதான் யு-வைப் பறிக்கும். நடத்துனர் பீடி குடிப்பதாக இருந்தால் புகையிலை எச்சரிக்கைப் படங்கள் தொடக்கத்திலும் இடைவேளைக்குப் பின்னும் வரும். பக்திப் படத்தின் முதல் பிரேமுக்கு முன் புற்றுநோய் விளம்பரம் ஓடவேண்டுமா என்று யோசியுங்கள். பீடியை எடுத்துவிட்டு வெற்றிலை கொடுங்கள், புகையிலை இல்லாமல்.

விளம்பரத்தில் கவனம். ஆயா கதையை வைத்து ‘இந்தப் படம் பார்த்தால் நோய் தீரும்’ என்று போஸ்டர் அடிப்பது, டிக்கெட்டோடு தாயத்து கொடுப்பது வேண்டவே வேண்டாம். தாயத்து, மந்திரம், கவசம் குறிப்பிட்ட நோய்களைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. மருத்துவமனைக் காட்சியிலும் மருந்தை நிறுத்திவிட்டுத் திருநீறு பூசிக் குணமாவதாக எழுதாதீர்கள். தாயுமானவர் வழியில் போவதால் உங்களுக்கு அந்தச் சிக்கலே வராது, அங்கே வந்தவள் பிரசவம் பார்த்தாள். உங்கள் நர்ஸும் ஊசி போடட்டும், நாடி பார்க்கட்டும், பதிவேட்டில் மட்டும் கையெழுத்து இல்லாமல் இருக்கட்டும்.